கடைக்கு எந்த ராக்: எஸ்.எஸ்.ஸா, பவுடர் கோட்டிங்கா, கடப்பாக் கல்லா?

கேள்வி இதுதான். நாகப்பட்டினத்தில் அப்பா நடத்திவரும் மளிகைக் கடையை, வாடிக்கையாளர் உள்ளே வந்து தாங்களே சாமான் எடுத்துக்கொள்ளும் கடையாக மாற்றப் போகிறார்கள். இடம் சுமார் 700 சதுர அடி. மாமா ஒருவர் மொத்தமும் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போடச் சொல்கிறார். ராக் விற்பவர் பவுடர் கோட்டிங் அடித்த கோண்டோலாவே, அதாவது சூப்பர் மார்க்கெட்டில் பார்க்கிற இரும்புத் தட்டு ராக்கே போதும் என்கிறார். அப்பாவோ சுவரில் இருக்கும் கடப்பாக் கல் அலமாரியில் கைவைக்க விடமாட்டேன் என்கிறார். பழைய கடையில் கரப்பான், எலி, துரு மூன்றும் படுத்தி எடுத்துவிட்டதால், சுத்தம் செய்ய எளிதான ராக் எது என்று கேட்டிருக்கிறார்கள்.

டெல்டா மாவட்டங்களில் மளிகை, பேக்கரி, ஸ்வீட் கடைகளுக்கு உணவுப் பாதுகாப்பு ஆலோசனை சொல்வது என் வேலை. ராக் விற்பதில்லை, கமிஷனும் கிடையாது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

மூன்று பேரும் ராக் எதில் செய்தது என்றுதான் பேசுகிறார்கள். ஒரு கடைக்குள் போனதும் நான் வேறு விஷயங்களைப் பார்ப்பேன். அடித்தட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது? முதுகுத் தகட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? கடைப் பையன் ஒருவனே, ஸ்பானர் இல்லாமல், இந்தத் தட்டைக் கழற்ற முடியுமா? 304 என்கிற உயர்ந்த ரக எஸ்.எஸ்.ஸில் செய்திருந்தாலும் அடியில் துணி நுழையாவிட்டால் அங்கே கரப்பான் குடியிருக்கும். சாதாத் தகடாகவே இருக்கட்டும், வாரம் ஒருமுறை கழற்றித் துடைக்க முடிந்தால் அந்த ராக் சுத்தமாகவே இருக்கும். பணத்தை உலோகத்தில் போடுவதற்கு முன் வடிவத்தைப் பாருங்கள்.

அடியிலிருந்தே ஆரம்பிக்கலாம். கடைகளில் வழக்கமாகப் போடும் கோண்டோலாவின் கடைசித் தட்டு தரையிலிருந்து நாலைந்து விரற்கடைதான் உயர்ந்திருக்கும். அதற்கு முன்னால் ஒரு தகட்டை நிறுத்தி அந்த இடைவெளியை மறைத்திருப்பார்கள். பார்வைக்கு நேர்த்தியாக இருக்கும். ஒரு வருடம் ஓடிய கடையில் அந்தத் தகட்டைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். சிந்திய துவரம் பருப்பு, கிழிந்த பிஸ்கட் உறை, உருண்டு போன புளி உருண்டை, மிளகுத்தூளைத் தூவியது போலக் கரப்பான் எச்சம், சுண்டெலிப் புழுக்கை, மாப் போடும்போதெல்லாம் உள்ளே வடிந்து காய்ந்த அழுக்குத் தண்ணீர் போட்ட கோடுகள், எல்லாம் கிடக்கும். கடைக்காரர் தினமும் தரையைத் துடைத்துத்தான் இருப்பார். துடைத்த தண்ணீரில் பாதி அந்தத் தகட்டுக்கு அடியில்தான் போயிருக்கும்.

அதனால் என் முதல் நிபந்தனை: முன்தகடு வேண்டாம், அடித்தட்டு தரையிலிருந்து குறைந்தது 15 செ.மீ., அதாவது 6 அங்குலம் உயரத்தில் இருக்க வேண்டும். இது நான் கையிலிருந்து போடுகிற கணக்கு இல்லை. அமெரிக்காவின் உணவுக் கையேட்டு விதிகளில் உணவுப் பொருளைத் தரையிலிருந்து இதே 15 செ.மீ. உயர்த்தி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011-இல் வந்த உரிமம், பதிவு விதிகளின் நான்காவது அட்டவணை, தரையிலிருந்து போதுமான உயரத்தில், சுவரிலிருந்து விலக்கி, சுத்தம் செய்ய வசதியாகவும் பூச்சி, எலி அண்டாமலும் வைக்க வேண்டும் என்று சொல்கிறது. ஆறு அங்குலம் இருந்தால் துடைப்பமும் மாப்பும் நன்றாக உள்ளே போய்வரும். டார்ச் அடித்தால் பின்சுவர் வரை தெரியும். எலி ஒளிந்து ஓட இருட்டு கிடைக்காது. அடியில் ஒரு தட்டு போச்சே என்று வருத்தப்பட வேண்டாம். முழங்காலுக்குக் கீழே இருக்கும் சரக்கை வாடிக்கையாளர் பார்ப்பதே குறைவு.

முன்தகடு இல்லாமல் அழகு வராது என்று கடைசிவரை ராக்காரர் அடம் பிடித்தால், இழுத்தால் கையோடு வருகிற மாதிரி கொக்கியிலோ காந்தத்திலோ நிற்கும் தகடாகக் கேளுங்கள். திருகு போட்டு முடுக்கிய தகட்டை யாரும் கழற்ற மாட்டார்கள்.

அடுத்தது தட்டின் அடிப்பக்கம். மேலே எல்லாத் தட்டும் வழவழவென்றுதான் இருக்கும். கையை அடியில் விட்டுத் தடவிப் பாருங்கள். கனம் தாங்குவதற்காக நடுவில் நீளவாக்கில் ஒரு பட்டையை மடித்துப் பற்றவைத்திருப்பார்கள். பட்டறையில் ஸ்டிஃப்னர் என்பார்கள். அந்தப் பட்டைக்கும் தட்டுக்கும் நடுவில் குழாய் போல ஒரு பொந்து, இரண்டு முனையும் திறந்தபடி இருக்கும். சின்ன ஜாதிக் கரப்பான், அதாவது கடைகளில் அதிகம் தொல்லை தருகிற ஜெர்மன் கரப்பான், உடம்பின் இரண்டு பக்கமும் உரசுகிற மாதிரி நெருக்கமான இடுக்கைத்தான் தேடும். அரை சென்டிமீட்டர் சந்து கிடைத்தால் அதற்குப் போதும். முனைகளைத் தகடு வைத்து அடைத்துப் பற்றவைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டையே வேண்டாம். தகட்டின் ஓரங்களை மூன்று மடிப்பாக மடித்தே தேவையான பலம் கொண்டுவரலாம். அந்த மடிப்பும் வாய் திறந்து நிற்காமல் அழுத்தி மூடியிருக்க வேண்டும்.

நிமிர்ந்து நிற்கும் தூணும் இதே கதைதான். தட்டைத் தாங்கும் பிராக்கெட் மாட்டுவதற்காக நெடுக வெட்டிய ஓட்டைகள், உள்ளே வெற்றுக் குழாய். இதை முழுக்கத் தவிர்க்க முடியாது, ஏனென்றால் தட்டின் உயரத்தை மாற்ற அந்த ஓட்டைகள் வேண்டும். உச்சியையும் அடியையும் மூடுவதுதான் தீர்வு. பிளாஸ்டிக் மூடி ஆறே மாதத்தில் எங்கோ உருண்டு போய்விடும். தகடு வைத்துப் பற்றவைத்த மூடியாகக் கேளுங்கள். பின்பக்கம் திறந்த 'ப' வடிவத் தூண் கிடைத்தால் இன்னும் நல்லது, பிரஷ் விட்டுத் தேய்க்கலாம். பேக்கரி ராக்குகளில் சதுரக் குழாயை வெட்டி அப்படியே விட்டுவிடுவார்கள், முனை மூடுவதே கிடையாது. அந்த மாதிரி ராக்கை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

முதுகுத் தகடு பற்றி ஒரு வார்த்தை. நடுக்கடையில் இரண்டு பக்கமும் சாமான் வைக்கும் கோண்டோலாவில் பல நேரம் இரண்டு தகடுகள் முதுகோடு முதுகாக நிற்கும், நடுவில் இரண்டு அங்குலம் வெற்றிடம். அதில் விழுவது விழுந்ததுதான். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரே தகடு போடச் சொல்லுங்கள். கொக்கி மாட்டும் ஓட்டைத் தகடு சீப்பு, பிரஷ், ஹேர்பின் தொங்கவிடுகிற இடத்துக்கு மட்டும் போதும். உணவுப் பொருள் பக்கம் வெறும் தகடு.

சுவரோரம் நிறுத்தும் ராக்கில் எல்லாரும் செய்கிற தப்பு, சுவருக்கும் ராக்குக்கும் நடுவில் ஒன்றிரண்டு அங்குலம் விடுவது. பருப்புப் பாக்கெட் விழும் அளவுக்கு இடம் இருக்கும், விழுந்ததை எடுக்கக் கை போகாது. ஒன்று, சுவரை மட்டமாகப் பூசி ராக்கைச் சேர்த்து ஒட்டி, விளிம்பில் சிலிக்கான் அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஆள் கை நுழைய ஓர் அடியாவது தள்ளி நிறுத்துங்கள். 700 சதுர அடியில் ஓர் அடி விட மனசு வராது என்று தெரியும். மூன்றாவது வழி சக்கரம். பூட்டு உள்ள சக்கரம் போட்ட ராக்கை மாதம் ஒருமுறை இழுத்துப் பின்னால் பெருக்கலாம். பிஸ்கட், சிப்ஸ், நூடுல்ஸ் போன்ற லேசான சரக்குக்கு இது நன்றாக ஒத்துவரும். எண்ணெய் டின், தேங்காய் மாதிரிக் கனமான சரக்குக்குச் சக்கரம் வேண்டாம், சுவரில் பிடித்த ராக்தான் பத்திரம்.

சரி, இப்போது உலோகத்துக்கு வருவோம். நாகப்பட்டினம் என்பதால் இதில் கொஞ்சம் நிதானம் தேவை. தஞ்சாவூரில் பத்து வருடம் நிற்கிற ராக் உங்கள் ஊர் உப்புக்காற்றில் அவ்வளவு நாள் நிற்காது.

பவுடர் கோட்டிங் என்பது தகட்டின் மேல் பொடியை மின்னூட்டித் தெளித்து, சுமார் 180 முதல் 200 டிகிரி சூட்டில் உருக்கிப் பிடிக்க வைப்பது. கனம் பொதுவாக 60 முதல் 80 மைக்ரான். நன்றாகச் செய்தால் சுத்தம் செய்ய இதைவிடச் சுலபமான பரப்பு இந்த விலையில் இல்லை. ஆனால் அதன் ஆயுசு பொடியில் இல்லை, அதற்கு முன்னால் செய்கிற கழுவலில் இருக்கிறது. எண்ணெய் நீக்கி, துரு நீக்கி, பாஸ்பேட் ஏற்றி, நடுநடுவே அலசி, ஏழெட்டுத் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டிய வேலை. சின்னப் பட்டறைகள் டீசல் துணியால் துடைத்துவிட்டு நேராகப் பொடி அடிப்பதும் உண்டு. கடைக்கு வரும்போது இரண்டும் ஒரே பளபளப்புதான். ஒரு மழைக்காலம் போனதும் வித்தியாசம் தெரியும். ஓரத்தில் கொப்புளம் கிளம்பும், நகத்தால் கீறினால் தோலாக உரியும், அடியில் செம்மண் நிறத்தில் துரு. அந்தத் துருவின் சொரசொரப்பில் பிடித்த எண்ணெயும் மாவும் எந்தத் துணிக்கும் வராது. துரு வெறும் அழகுப் பிரச்சினை இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

உங்கள் கடைக்கு நான் சொல்வது ஜி.ஐ. தகட்டின் மேல், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டின் மேல் பவுடர் கோட்டிங். கீறல் விழுந்தாலும் அடியில் இருக்கும் துத்தநாகம் இரும்பைக் காப்பாற்றும். தகடு ஐ.எஸ். 277 என்கிற இந்தியத் தரத்தில், துத்தநாகம் 120 ஜி.எஸ்.எம். என்று எழுதி வாங்குங்கள். அது சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 120 கிராம் என்று அர்த்தம். ஜி.ஐ.க்குக் கோட்டிங் கடையில் தனி முன்தயாரிப்பு உண்டு. சாதாத் தகட்டுக்குச் செய்வதையே செய்தால் பிடிக்காது, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பற்றவைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்துவிடும் என்பதால், மடித்து மாட்டுகிற, போல்ட் போடுகிற வடிவமாக இருந்தால் உத்தமம். எல்லா வெட்டும் துளையும் கோட்டிங்குக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கடையில் வந்து டிரில் போட்டால் அந்த ஓட்டையிலிருந்துதான் துரு ஆரம்பிக்கும்.

கேஜ் விஷயத்தில் குழப்பிக்கொள்ள வேண்டாம். எண் கூடக் கூடத் தகடு மெலியும். 18 கேஜ் சுமார் 1.2 மி.மீ., 22 கேஜ் சுமார் முக்கால் மி.மீ. கேஜ் எண்ணைவிட மி.மீ. கணக்கில் எழுதி வாங்குவது நல்லது. மெலிந்த தட்டு நடுவில் தொய்யும், தொய்ந்த குழியில் எண்ணெய் தேங்கும்.

நிறமும் சுத்தத்தில் சேர்த்திதான். கீறல் தெரியாது என்று சொரசொரப்பான டெக்ஸ்சர் ஃபினிஷ் தருவார்கள், கறுப்பும் சாம்பலும் இப்போது ஃபேஷன். இரண்டும் வேண்டாம். வழவழப்பான வெள்ளை அல்லது ஐவரி எடுங்கள். அழுக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான். கரப்பான் எச்சம் வெள்ளைத் தட்டில் முதல் நாளே கண்ணில் படும், கறுப்பில் மாதக்கணக்கில் படாது.

எஸ்.எஸ்.ஸைப் பற்றி மாமாவிடம் ஒன்று கேளுங்கள், எந்த கிரேடு? 304 என்றால் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். சந்தையில் ஜே4 என்று ஓடும் தகட்டில் நிக்கல் இன்னும் குறைவு. மூன்றும் பளபளக்கும். காந்தம் வைத்துப் பார்ப்பது இதற்கு உதவாது, 202-உம் 304-உம் இரண்டுமே காந்தத்தில் ஒட்டாத ஜாதி. பழைய இரும்புக் கடைக்காரர்களிடம் ஒரு சொட்டு மருந்தும் ஒன்பது வோல்ட் பேட்டரியும் இருக்கும், நிறம் மாறுவதை வைத்துச் சொல்லிவிடுவார்கள். கடற்கரை ஊரில் குறைந்த நிக்கல் தகட்டில் பழுப்புப் புள்ளிகள் சீக்கிரமே கிளம்பிவிடும். ஏன், 304-கூடக் கடற்காற்றில் துடைக்காமல் விட்டால் டீக்கறை மாதிரி பழுப்பு ஏறும், நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால் கட்டுக்குள் இருக்கும். அதற்கும் மேலான 316 கிரேடு வரை கடைக்குள் போக வேண்டிய அவசியம் இல்லை.

மொத்தக் கடைக்கும் 304 என்பது பணத்தைக் கொட்டுவது. மூடிய பாக்கெட் உட்காரும் தட்டுக்கு அது தேவையே இல்லை. இரண்டு இடத்துக்குப் போடுங்கள். ஒன்று பால், தயிர், இட்லி மாவு வைக்கிற ஈரமான மூலை. இன்னொன்று உப்பு.

உப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மளிகைக் கடையில் ராக்கைக் கொல்வது தண்ணீரைவிட உப்புதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கல் உப்பு மூட்டை காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கசியும். சாக்கின் அடியில் கோர்த்த உப்புத் தண்ணீர் தட்டின் ஓரம் வரை வந்து, அங்கிருந்து பிராக்கெட் மாட்டிய ஓட்டைக்குள் இறங்கி, தூண் வழியாகக் கீழே போகும். தட்டைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் பிராக்கெட்டைக் கழற்றினால் பல் அரித்து உதிர்ந்திருக்கும். தூளுப்புப் பாக்கெட்டும் ஓரம் பிரிந்தால் இதே வேலையைச் செய்யும். உப்பை உலோகத் தட்டிலேயே ஏற்றாதீர்கள். தரையில் பிளாஸ்டிக் பேலட் (மூட்டை அடுக்கும் பலகை), அதன் மேல் விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் டிரே, அதில் உப்பு. ராக்கில்தான் வைக்க வேண்டும் என்றால் 304-இல் ஒரு டிரே செய்து வையுங்கள், வாரம் ஒருமுறை எடுத்துக் கழுவ வேண்டும். மழையில் இளகி ஒழுகும் வெல்லத்துக்கும் கருப்பட்டிக்கும் அப்படித்தான். துரு பிடிக்காது, ஆனால் எறும்பு வரும்.

எண்ணெய் வேறு மாதிரி. பாக்கெட் எண்ணெயில் அட்டைப்பெட்டிக்கு ஒன்று கசிந்திருக்கும், அதைத் தவிர்க்க முடியாது. கம்பித் தட்டில் வைத்தால் ஒரு பாக்கெட் கசிவு கீழே உள்ள நாலு தட்டையும் நாசம் செய்துவிடும். எண்ணெய்க்கு முழுத் தகடு, அதன் மேல் ஒரு அங்குல விளிம்புள்ள டிரே, அதுவும் எப்போதும் கீழ்த்தட்டில்தான். கம்பித் தட்டு காய்கறிக்கும் குளிர்ப்பெட்டிக்கும் நல்லது, காற்று ஓடும், மண் கீழே உதிர்ந்துவிடும். வெறும் குரோம் பூச்சுக் கம்பி ஈரத்தில் துருப்பிடிக்கும், பிளாஸ்டிக் அல்லது எபாக்சி பூசிய கம்பியாக இருக்கட்டும். அரிசி மூட்டைக்கு மரப் பேலட் வேண்டாம். மரம் ஈரத்தை உறிஞ்சும், விரிசலில் வண்டு சேரும்.

மரம் என்றதும் பிளைவுட், சன்மைக்கா பற்றியும் கேட்பீர்கள். துணிக்கடைக்கு அழகு. மளிகைக்கு, அதுவும் தரையோரம் மழைத்தண்ணீர் வரக்கூடிய ஊரில், கரையானுக்கும் பூஞ்சைக்கும் நாமே கூப்பிட்டு இடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஓரத்தில் ஒட்டிய பட்டை பிரிந்தால் உள்ளே ஊறி உப்பிவிடும், பிறகு துடைக்கவே முடியாது. கல்லா மேசையோடு மரத்தை நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது அப்பாவின் கடப்பாக் கல். உண்மையைச் சொன்னால், உங்கள் ஊருக்கு அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. கல் துருப்பிடிக்காது, தொய்யாது, கரையான் தொடாது, எலி கடிக்காது. பிரச்சினை கல்லில் இல்லை, கல்லும் சுவரும் சேருகிற இடத்தில். பழைய சிமெண்ட் உதிர்ந்து அங்கே நெடுக ஒரு பிளவு இருக்கும், வண்டும் கரப்பானும் அதில்தான். இடிக்கும் செலவை மிச்சம் பிடித்து, எல்லா மூலையையும் சுரண்டி எடுத்து, எபாக்சி கிரவுட்டோ சிலிக்கானோ அடைத்து மூலையை உருட்டலாக முடியுங்கள். சுவருக்கு வழவழப்பான டைல்ஸ் அல்லது எனாமல். தரையோடு ஒட்டிய கீழ்க்கல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். கடப்பாக் கல் சுண்ணாம்பு ஜாதி என்பதால் புளியோ எலுமிச்சையோ கசிந்தால் மெருகு போகும், பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் பொரிந்து குழி விழும். சோப்புத் தண்ணீர் போதும். கல்லில் ஒரு குறை நிஜமானது, உயரத்தை மாற்ற முடியாது. அதனால் வாடிக்கையாளர் எடுக்கும் சரக்குக்கு நடுவில் புது ராக், கையிருப்புக்குச் சுவரோரம் கல் என்று பிரித்துக்கொண்டால் அப்பாவும் மாமாவும் சண்டை போட மாட்டார்கள்.

எதை வாங்கினாலும் தட்டில் செய்தித்தாள் விரிக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். நம் கடைகளில் புது ராக் வந்த மறுநாளே பேப்பர் விரித்து ஓரத்தை மடித்து ஒட்டிவிடுவார்கள். தாளுக்கு அடியில் என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாது, பசையும் தாளும் கரப்பானுக்கு உணவு. அச்சு மையில் ஈயம் போன்றவை இருக்கலாம் என்பதால் உணவைச் செய்தித்தாளில் மடிக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 செப்டம்பரில்கூட எச்சரித்தது. விலைச்சீட்டைத் தட்டில் கோந்து போட்டு ஒட்டுவதும் வேண்டாம். சீட்டைச் சொருகுகிற பிளாஸ்டிக் பட்டையைக் கேளுங்கள், கழற்றிக் கழுவக்கூடியதாக. ஏற்கனவே ஒட்டிய பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டுச் சோப்பால் எடுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், வாடை ஒரு வாரம் அரிசியில் இருக்கும்.

ஷோரூமுக்குப் போகும்போது ஒரு டார்ச், ஒரு வெள்ளைத் துணி, ஒரு பிளேடு கொண்டுபோங்கள். தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவரே சுத்தியல் தேடினால் அந்த ராக்கை உங்கள் கடையில் யாரும் கழற்றப் போவதில்லை. வெள்ளைத் துணியை எல்லா மூலையிலும் அடியிலும் ஓட்டுங்கள். துணி எங்கே சிக்குகிறதோ, எங்கே நுழைய மறுக்கிறதோ, அங்கேதான் நாளைக்கு அழுக்கு. விரல் கீறுகிற ஓரம் இருந்தால் துடைக்கிற ஆள் அந்த ஓரத்தை ஒதுக்கிவிட்டுத்தான் துடைப்பார். பவுடர் கோட்டிங்குக்கு ஒரு துண்டுத் தகடு மாதிரி கேட்டு, பிளேடால் குறுக்கும் நெடுக்கும் ஆறாறு கோடு கிழித்து, அதன் மேல் செலோடேப் ஒட்டிப் படக்கென்று உரியுங்கள். சதுரங்கள் டேப்போடு வந்தால் முன்கழுவல் சரியில்லை. சோதிக்க விடமாட்டேன் என்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. தட்டு தாங்கும் எடையையும் வாயால் சொன்னால் போதாது, பரவலாக வைத்தால் எத்தனை கிலோ என்று விலைப்பட்டியலில் எழுதித் தரச் சொல்லுங்கள். பாக்கெட் வைக்கிற தட்டுக்கும் 15 கிலோ எண்ணெய் டின் நாலு அடுக்குகிற தட்டுக்கும் ஒரே கணக்கு ஆகாது.

சுத்தம் செய்யும் முறையில் பலர் கோட்டை விடுவது ஈரத் துணியில். அரிசி, ரவை, மைதா, கடலை மாவுப் பக்கம் தண்ணீர் கொண்டுபோகாதீர்கள். மாவோடு தண்ணீர் சேர்ந்தால் இடுக்கில் கூழாகி இறுகிவிடும், பிறகு பூஞ்சை. அங்கே காய்ந்த பிரஷ், பிறகு சின்ன வேக்குவம், கடைசியில் பிழிந்த துணி. அரிசி வண்டு மணிக்குள்ளேயே முட்டையிட்டு மூட்டையோடு வருவது, அதை ராக் தடுக்காது. ஆனால் மாவு வண்டு தட்டின் இடுக்கில் தங்கிய தூளிலேயே வளர்ந்து அடுத்த சரக்குக்கு ஏறும், அதை ராக் தடுக்கும். வேக்குவம் பையை அன்றே வெளியே கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வண்டு அதில் வளரும்.

எண்ணெய்ப் பக்கத்துக்கு வெந்நீரும் பாத்திரச் சோப்பும். பால், இட்லி மாவு மூலையில் மட்டும் சோப்பால் கழுவிய பிறகு கிருமிநாசினி போடலாம். 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 2 மி.லி.யை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால் சுமார் 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) கிடைக்கும், அதற்கு மேல் வேண்டாம், துடைத்துக் காயவிடுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் அது வேலை செய்யாது. பிளீச்சிங் பவுடரைக் கரைத்து எஸ்.எஸ்.ஸில் ஊற்றி அப்படியே விட்டால் குழிகுழியாக அரிக்கும், கம்பி நார் போட்டுத் தேய்த்தால் நாரின் இரும்புத் துணுக்கு ஒட்டிக்கொண்டு அதுவே துருப்பிடிக்கும். பினாயில், வாசனைத் தரைத் திரவம் எதையும் ராக் பக்கம் கொண்டுவராதீர்கள், டீத்தூளும் அரிசியும் வாசனையை இழுத்துக்கொள்ளும். சோப்பு, ஊதுபத்தி, கொசுவர்த்திக்குத் தனி ராக் போடச் சொல்வதும் அதனால்தான்.

எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் துடைக்கத் திட்டம் போட்டால் இரண்டு வாரத்தில் நின்றுவிடும். மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு நாளைக்கு ஒரு ராக், மேல் தட்டிலிருந்து கீழாக. பழைய சரக்கை முன்னால் இழுப்பது, காலாவதித் தேதி பார்ப்பது எல்லாம் அதே வேளையில் முடிந்துவிடும்.

கடைசியாக, புது ராக் வருவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. முதலில் தரை, பிறகு சுவர் ஓட்டைகளை அடைப்பது, ராக் அதற்கப்புறம்தான். சுண்டெலிக்கு அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருந்தாலே வழி. பழைய கடைச் சரக்கைப் புது ராக்குக்கு மாற்றும்போது பழைய அட்டைப்பெட்டியோடு தூக்கி வராதீர்கள். ஜெர்மன் கரப்பானின் ஒரு முட்டைக் கூட்டில் 30, 40 குஞ்சு இருக்கும், அந்தக் கூட்டைச் சுமக்கும் பெண் கரப்பான் பெட்டிகளின் மடிப்புக்குள்தான் ஒளிந்திருக்கும். வாசலிலேயே பெட்டியைப் பிரித்து, பாக்கெட்டுகளைத் துடைத்து, பிளாஸ்டிக் கிரேட்டில் போட்டு உள்ளே கொண்டுபோங்கள். காலி அட்டையை அன்று மாலையே எடைக்குப் போட்டுவிடுங்கள், பரண்மேல் ஏற்ற வேண்டாம்.